வாக்குரிமை கொடுத்தீர்கள், வாக்குச்சாவடியையும் கொடுங்கள்

தமிழ்நாடு, புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மக்களவையில் 40 பேர், மாநிலங்களவையில் 19 பேர், ஆக 59 பேருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். கட்சி பார்த்து எழுதவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தவரை தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலையும் வரும். அந்தச் சாவடிகளில் உட்கார்ந்து பார்த்ததுதான் இதை எழுத வைக்கிறது.

தேர்தலுக்கு முந்தைய நாள் இயந்திரம், மை, அரக்கு, படிவங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சாவடிக்குப் போகும்போது கூடவே ஒரு பட்டியலும் தருவார்கள். ஏ.எஸ்.டி. பட்டியல் என்போம். வீட்டில் இல்லாதவர்கள், இடம் மாறிப்போனவர்கள், இறந்துபோனவர்கள் ஆகிய மூவகையினரும் அதில் இருப்பார்கள். இந்தப் பெயரில் யாராவது வந்தால் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும், கள்ள ஓட்டு விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. தேவையான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் கடற்கரை ஊர்களில் அந்தப் பட்டியலை எடுத்துப் படித்தால் இறந்தவர்களை விட உயிரோடு இருப்பவர்களே அதிகம். என்னிடம் படித்த பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒருவன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக், ஒருவன் தோஹாவில் கட்டட வேலை, ஒருத்தி ரியாத்தில் நர்ஸ், இன்னொருவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். இவர்கள் எல்லோரும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்தியக் குடிமக்கள். தேர்தல் நாளன்று செத்தவர்களோடு ஒரே காகிதத்தில் இருக்கிறார்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்று நடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. குவைத்திலும் கத்தாரிலும் சவூதியிலும் வார விடுமுறை. அறையில் படுத்துக்கொண்டு கைபேசியில் தமிழ்ச் சேனல்களை மாற்றி மாற்றிப் பார்த்தபடி, எந்தத் தொகுதியில் எத்தனை சதவீதம் என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் நம் பிள்ளைகள். நேரமும் அக்கறையும் இருந்தது. போய் வாக்குப் போட ஒரு இடம் மட்டும்தான் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தீர்கள். அதாவது உங்களுக்கு முன்பு அந்த இருக்கைகளில் இருந்தவர்கள் சேர்த்தார்கள். 2011இல் அது நடைமுறைக்கு வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாமல் வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாட்டில் இருக்கும் இந்தியர், 6ஏ படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். பட்டியலின் கடைசியில் தனிப்பகுதியாக அவர்கள் பெயர் வரும். வாக்காளர் அட்டை கிடையாது. வாக்களிக்க வேண்டுமானால் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொந்த ஊர்ச் சாவடிக்கு நேரில் வர வேண்டும்.

நேரில் வர வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனை, கொடுத்த உரிமை முழுவதையும் விழுங்கிவிட்டது. கட்டட வேலைக்குப் போன ஒருவனுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வர விடுப்பு. நடுவில் ஒரு நாள் வாக்குக்காக வந்து போக முதலாளி விட மாட்டார். விட்டாலும் டிக்கெட்டுக்கு ஒரு மாதச் சம்பளம், சில சமயம் அதற்கு மேலும் போய்விடும். அப்படி வரச் சொல்வதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

விளைவு தேர்தல் ஆணையத்தின் கணக்கிலேயே இருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேல். 2024 தேர்தலுக்கு அவர்களில் பதிவு செய்துகொண்டவர்கள் 1,19,374 பேர். அந்தப் பதிவிலும் 89,839 பேர் கேரளத்தவர். நாடு முழுவதிலும் சாவடிக்கு வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அதிலும் 2,670 பேர் கேரளத்தவர். மிச்சம் இருக்கும் இந்தியா முழுவதற்கும் சேர்த்து 288 பேர். கேரளத்துக்கு மட்டும் இது எப்படி ஓரளவாவது முடிந்தது என்றால், அங்கே கட்சி சார்ந்த அமைப்புகள் வளைகுடாவிலிருந்து விமானத்தில் மொத்தமாக இருக்கைகள் எடுத்து ஆட்களை அழைத்து வருகின்றன. அவர்களின் ஊக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் கட்சி டிக்கெட் எடுத்துக் கொடுத்தால்தான் ஒருவன் வாக்களிக்க முடியும் என்ற நிலை, அந்த வாக்காளனுக்கும் நல்லதல்ல, அந்த வாக்குக்கும் நல்லதல்ல.

ஒரு தேர்தலில் எங்கள் சாவடிக்கு ஒரு தாய் வந்தார். தன் வாக்கைப் போட்டு, விரலில் மை வைத்துக்கொண்ட பிறகும் நகராமல் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “டீச்சர், எம் மகன் ஓட்டையும் நானே போட்டுரவா? யாருக்குன்னு நேத்தே போன்ல சொல்லிட்டான்” என்றார். அவர் குரலில் தப்புச் செய்கிற எண்ணம் துளியும் இல்லை. மகனுக்கு வந்த கடிதத்தை வாங்கிக்கொள்வது மாதிரி, அவன் பேரில் வந்த ரேஷன் அரிசியை வாங்குவது மாதிரி இதையும் நினைத்தார். அப்படியெல்லாம் போட முடியாதும்மா என்று சொல்லி அனுப்பினேன். சட்டப்படி வேறு வழியில்லை.

அந்தத் தாய் கேட்டதைத்தான் பிறகு அரசாங்கம் மசோதாவாகவே கொண்டுவந்தது. வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் ஒருவரைப் பதிலாளாக நியமித்து அவர் மூலம் வாக்களிக்கலாம் என்ற மசோதா 2018 ஆகஸ்ட் 9 அன்று மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறவே இல்லை. 2019இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. அந்த மசோதா போனதில் எனக்கு வருத்தமில்லை. அதை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சில தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். பதிலாள் முறை வந்தால் தெருவுக்கு ஒரு பெரிய மனிதர், ஜமாத்திலோ சாதிச் சங்கத்திலோ கட்சிக் கிளையிலோ செல்வாக்குள்ள ஒருவர், யார் யாருக்கு யார் பதிலாள் என்று உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பார். கேட்டால் மறுக்க முடியாது. ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு நாளைக்கு அவர் தயவு வேண்டும். அதை விட எனக்குப் பெரிய கவலை வீட்டுக்குள் நடப்பது. இருபது வயதில் துபாய்க்குப் போனவனின் வாக்கு அவன் அப்பாவின் இரண்டாவது வாக்காகிவிடும். நர்ஸ் வேலைக்குப் போன பெண்ணின் வாக்கு மாமனாருக்குப் போகும். அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி என்று இருப்பது நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம். வீட்டில் ஒன்றும் சொல்லாமல் சாவடிக்குள் தன் இஷ்டத்துக்குப் பொத்தானை அழுத்திவிட்டு வரும் பெண்கள் எத்தனை பேர். இரகசிய வாக்குப்பதிவு என்பது அவர்களுக்குத்தான் மிக அதிகமாகத் தேவை. இராணுவத்தினருக்குப் பதிலாள் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது போர்முனையில் இருப்பவருக்காக, கடிதமும் போய்ச் சேராத இடங்களை நினைத்துச் செய்தது. தோஹா அப்படிப்பட்ட இடமில்லை.

இன்னொரு வழியும் பேசப்பட்டது. 2020 நவம்பரில் தேர்தல் ஆணையமே சட்ட அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது. படைவீரர்களுக்கு மின்னஞ்சலில் வாக்குச்சீட்டை அனுப்பி, அவர்கள் அச்செடுத்துக் குறியிட்டுத் தபாலில் திருப்பி அனுப்பும் முறை ஏற்கெனவே நடக்கிறது. 2019 தேர்தலில் 18 லட்சம் படைவாக்காளர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதையே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் விரிக்கலாம், தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும், 2021 சட்டமன்றத் தேர்தல்களிலேயே செய்யத் தயார் என்றது ஆணையம். அந்த ஆண்டு தேர்தலைச் சந்தித்தவற்றில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. முதல் கட்டத்தில் வளைகுடா நாடுகள் இருக்காது என்று அப்போதே செய்தி வந்தது. கடைசியில் எந்த நாட்டுக்கும் வரவில்லை.

வளைகுடாவை விட்டுவிட்டு அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் மட்டும் கொடுப்பதாக இருந்தால் அந்தத் திட்டத்தை நீங்கள் எதிர்க்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே இருப்பவர்களிலேயே இந்த வாக்கு அதிகம் தேவைப்படுவது வளைகுடாவில் இருப்பவர்களுக்குத்தான். அமெரிக்காவுக்குப் போனவருக்கு என்றாவது ஒருநாள் அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கக்கூடும். கிடைத்துவிட்டால் நம் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும், வாக்கும் போய்விடும். அவர் அங்கே வாக்களித்துக்கொள்வார். குவைத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தாலும் அங்கே குடியுரிமை கிடைக்காது. அவருக்கு இருக்கும் ஒரே நாடு இதுதான். வயதானால் திரும்பி வரப்போவதும் இங்கேதான். இந்த நாட்டில் வாக்கில்லை என்றால் பூமியில் வேறு எங்கும் அவருக்கு வாக்கில்லை.

போனவர்களுக்கு இங்கே நடப்பதில் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் உங்கள் கட்சிகளிலும் இருப்பார்கள். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தை அவர்களிடம் எடுத்துக் காட்டுங்கள். பத்தாம் வகுப்பு தேறாத ஒருவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி வேண்டும். எந்த ஏஜென்ட் மூலம் போகலாம், என்ன சம்பளத்துக்குக் குறைந்து போகக் கூடாது என்பதையெல்லாம் டெல்லிதான் முடிவு செய்கிறது. 2020 செப்டம்பரில், கொரோனாக் காலத்தில், வளைகுடா வேலைகளுக்கான அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தை மத்திய அரசு மாதம் 200 டாலர் வரைக்கும் இறக்கிவிட்டது. எதிர்ப்பும் வழக்கும் வந்து, மறு ஆண்டுதான் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட மாதங்களில் ஒப்பந்தம் போட்டவன் கதி என்ன? அதே 2020 மே மாதம் மீட்பு விமானங்கள் கிளம்பியபோது, வேலை போய்க் கையில் காசில்லாமல் இருந்தவர்களும் டிக்கெட்டுக்குத் தாங்களே பணம் கட்டித்தான் ஏற வேண்டியிருந்தது. ஊரில் விவசாயக் கூலிக்கு இப்படி நடந்திருந்தால் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்ப்பார் என்ற பயம் ஆட்சியில் இருப்பவர்களுக்கு இருந்திருக்கும்.

அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வருகிறது என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது, உண்மைதான். ஆனால் பணம் அனுப்புவதால் வாக்குக் கொடுங்கள் என்று கேட்டால், வேலை பறிபோய் ஆறு மாதமாகக் காசு அனுப்ப முடியாதவனுக்கு வாக்கு வேண்டாமா என்ற கேள்வி வரும். குடிமகன் என்ற ஒன்றே போதும்.

எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது, புதுச்சேரி உறுப்பினர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களின் வீட்டாரும் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பிரான்சில் தேர்தல் என்றால் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் சாவடி திறக்கிறார்கள். தமிழ் பேசும் பாட்டிமார்கள் வரிசையில் நின்று பிரெஞ்சு அதிபருக்கு வாக்களித்துவிட்டு வெயிலுக்கு முன் வீடு திரும்புகிறார்கள். வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்களுக்கென்றே பதினொரு தொகுதிகளைப் பிரான்ஸ் ஒதுக்கியிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து வேலைக்காகப் பாரிஸ் போன இந்தியருக்கு அங்கே இந்தியச் சாவடி இல்லை. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பிறந்த இரண்டு பேருக்கு இவ்வளவு வேறுபாடு.

பிரான்ஸ் பணக்கார நாடு என்று தள்ளிவிடவும் முடியாது. பிலிப்பைன்ஸ் 2003இலேயே சட்டம் இயற்றித் தன் தொழிலாளர்களுக்கு வெளிநாட்டில் வாக்களிக்கும் வசதி செய்தது. இந்தோனேசியா தூதரகங்களில் சாவடி வைப்பதோடு, தொழிலாளர்கள் தங்கியிருக்கும் இடங்களுக்கே வாக்குப்பெட்டியைக் கொண்டுபோகிறது. 2024இல் கோலாலம்பூரில் வாக்காளர் பட்டியலிலும் தபால் வாக்குகளிலும் குளறுபடி ஏற்பட்டது. இந்தோனேசியா அங்கே வாக்குகளை ரத்து செய்து, மார்ச் 10 அன்று தபாலை விட்டுவிட்டுச் சாவடியும் நடமாடும் பெட்டியும் மட்டும் வைத்து மறுவாக்குப்பதிவு நடத்தியது. தபாலை விடச் சாவடியே மேல் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பத்துப் பேர் படுக்கும் அறைக்குத் தபால் வாக்கு வந்தால் அதை மேஸ்திரி மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. சாவடியில் மறைப்புக்குள் தனியாகத்தான் போக வேண்டும்.

543 தொகுதிகளின் சீட்டையும் ஒரு தூதரகத்தில் எப்படி வைப்பது என்று அதிகாரிகள் கேட்பார்கள். படைவீரருக்கு அவரவர் தொகுதிச் சீட்டை மின்னணு முறையில் அனுப்பத் தெரிந்த ஆணையத்துக்கு, தூதரகச் சாவடியில் வாக்காளர் வந்து நின்றதும் அவர் தொகுதிச் சீட்டை அச்செடுத்துக் கொடுப்பது புதிய வித்தை இல்லை. நேரம் போதாது என்றும் சொல்வார்கள். 2024இல் தமிழ்நாட்டில் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. எண்ணிக்கை ஜூன் 4. இறுதி வேட்பாளர் பட்டியல் வந்ததிலிருந்து எண்ணும் நாள் வரை இரண்டு மாதத்துக்கும் மேல் இருந்தது. ரியாத்தில் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகள் சாவடி நடத்தி, தூதரகப் பையில் சீல் வைத்து இராமநாதபுரத்துக்கு அனுப்ப அது தாராளம். ஆள் போதாது என்ற பதில் மட்டும் மெய்யானது. தூதரகங்களில் ஆள் குறைவு. அதற்குத் தேர்தல் பணிக்கென்று இங்கிருந்து ஊழியர்களை அனுப்புங்கள். ஆசிரியர்கள் வருவார்கள், நம்புங்கள். மலைக் கிராமத்துக்கு இயந்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு போனவர்கள் நாங்கள்.

இனி வாக்களிக்கும் வயதைப் பற்றி. இதையும் வெளிநாட்டில் இருப்பவர்களின் வாக்கையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஊரை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தொட்ட பிள்ளைகள்தான். 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989இல் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. எங்கள் மாவட்டத்துப் பையன் பதினேழில் பிளஸ் டூ முடிக்கிறான், ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ இரண்டு மூன்று வருடம், உடனே பாஸ்போர்ட், விசா. முதல் தேர்தல் வருவதற்குள் விமானம் ஏறிவிடுகிறான். நாற்பது வயதில் திரும்பி வரும்போது ஒரு முறை கூட வாக்களிக்காத மனிதனாக வருகிறான். அவனுக்கு 18 வயதில் கொடுத்த உரிமை என்ன ஆயிற்று?

ஊரிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாளாகிவிட்டது. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். நல்ல மாற்றம். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது அவன் பொறுப்பு என்றே விட்டிருக்கிறோம். பிறந்த தேதி, முகவரி, புகைப்படம், ஆதார் எண் எல்லாம் பள்ளியின் பதிவில் இருக்கிறது. நானே எத்தனையோ பிள்ளைகளுக்குப் பதிவேற்றியிருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் காவலர் வீடு தேடி வந்து விசாரிக்கிறார். வாக்காளராவதற்கும் அரசு வீடு தேடி வரலாம். மலேசியாவில் 2019இல் ஒரே அரசியல் சட்டத் திருத்தத்தில் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்து, வயது வந்தவுடன் தானாகவே பெயர் சேரும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்தே வாக்களித்தன. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 2018இல் இருந்ததை விட அறுபது லட்சத்துக்கும் மேல் கூடி இரண்டு கோடியைத் தாண்டியது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் பட்டியலுக்குள் வந்தார்கள், யாரும் படிவம் நிரப்பவில்லை.

ஆஸ்திரியாவில் 2007இலிருந்து 16 வயதுக்கே வாக்கு. பிரேசிலில் 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வருடக்கணக்காகப் பேசியவள் என்ற முறையில், அவர்களுக்கு அந்த விவரம் இருக்கிறது என்றே சொல்வேன். உள்ளாட்சித் தேர்தலிலாவது அதைத் தொடங்கிப் பார்க்கலாம். ஆனாலும் என் முதல் கோரிக்கை அது இல்லை. 18இல் கொடுத்ததை முதலில் கையில் கொண்டுபோய்ச் சேருங்கள்.

நாங்கள் எதிர்க்கட்சி, எங்களால் என்ன முடியும் என்று உங்களில் சிலர் சொல்லலாம். உங்களில் ஒருவரான திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. 45 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதா ஒரு அவையில் தேறியது அன்றுதான். அதன் பிறகே அரசாங்கம் தானும் ஒரு மசோதாவோடு வந்தது. நீங்கள் 59 பேரும் சேர்ந்து, கேரள உறுப்பினர்களையும் அழைத்துக்கொண்டு, ஒரு மசோதா வரைவு கொண்டுவாருங்கள். தூதரகத்தில் சாவடி, வேலைக்குப் போக அனுமதி கேட்கும் அதே இ-மைக்ரேட் தளத்திலேயே 6ஏ பதிவு, 18 வயதில் தானாகப் பெயர் சேர்ப்பு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

எழுதும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். அசல் பாஸ்போர்ட் காட்ட வேண்டும் என்ற விதியை அப்படியே வைத்தால் தூதரகத்தில் சாவடி வந்தாலும் பலர் உள்ளே நுழைய முடியாது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன, அந்தந்த நாட்டுச் சட்டம் தடுத்தும் வைத்திருக்கின்றன. பாஸ்போர்ட்டின் நகலும் அந்நாட்டு அடையாள அட்டையும் இருந்தால் போதும், மீதியைத் தூதரகம் தன் கணினியில் பார்த்துக்கொள்ளும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை,
இராமநாதபுரம் மாவட்டம்